ஏசியை அணைத்து மெத்தை பார்த்த கதை

பட்டாபிக்கு எதையும் நேராகச் சொல்ல வராது. மற்றவர்கள் "மழை வரும்போல இருக்கு" என்கிற இடத்தில் அவர் "வானிலையில் ஒரு மாற்றத்துக்கான அறிகுறிகள் தென்படுகின்றன" என்பார். முப்பது வருஷம் மத்திய சர்க்கார் கடிதங்களை எழுதி எழுதி, வாயைத் திறந்தாலே முதலில் 'பொருள்' வரும், அப்புறம் 'பார்வை' வரும், விஷயம் வருவதற்குள் எதிராளி பஸ் பிடித்துப் போயிருப்பார்.

கல்கத்தாவுக்கு மாற்றலாகி வந்து பத்து வருஷமாகிறது. சால்ட் லேக்கில் சர்க்கார் குடியிருப்பு, மூன்றாவது மாடி. இத்தனை வருஷத்தில் வங்காளிகளிடமிருந்து அவர் பாஷையைக் கற்றுக்கொள்ளவில்லை, பாட்டைக் கற்றுக்கொள்ளவில்லை. ஜலதோஷத்துக்குப் பயப்பட மட்டும் கற்றுக்கொண்டார். அதில் இப்போது அவர்களுக்கே வகுப்பு எடுக்கலாம். ஐப்பசி பிறந்தால் தலையில் மங்கி கேப். சித்திரையிலும் ராத்திரி பஞ்சு வைத்துத் தைத்த ரஜாயைப் போர்த்திக்கொள்ளாமல் படுக்கமாட்டார். படுக்கையறையில் ஏசி மாட்டியிருக்கிறது. ஆனால் படுக்கும் நேரத்தில் அதை அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய சைனஸ் ஆட்சேபணை தெரிவிக்கும்.

இப்படிப்பட்டவர் போன மார்கழியில் ஒரு மெத்தை வாங்கினார்.

அதுவரை அவர்கள் வீட்டில் இரண்டு தனித்தனி இலவம்பஞ்சு மெத்தைகள்தான், நடுவில் வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு. அது போதாது என்று பட்டாபி முடிவு செய்தார். மாதக் கணக்கில் இணையத்தில் படித்தார். ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டின்போது சகாக்களுக்கு முதுகெலும்பைப் பற்றி உபன்யாசம் செய்தார். ஒருநாள் மெமரி ஃபோம் மெத்தை ஒன்று சுருட்டிக் கட்டிய கோலத்தில் மாடியேறி வந்து, கட்டை அவிழ்த்ததும் பெருமூச்சு விட்டுக்கொண்டு உப்பியது. குடியிருப்பில் பாதிப் பேரைக் கூப்பிட்டு வைத்து, அதில் கையை அழுத்தி எடுத்துக் காட்டினார். "பாத்தேளா, என் கையை ஞாபகம் வச்சிண்டிருக்கு!"

மார்கழியில் அது சொர்க்கமாகத்தான் இருந்தது. சித்திரையில்தான் தெரிந்தது, அது உடம்பின் வடிவத்தை மட்டுமல்ல, உஷ்ணத்தையும் மறப்பதில்லை என்று. தவிர, அது நடுவில் குழிந்துகொடுத்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று இருபத்தெட்டு வருஷம் படுத்திருந்த தம்பதி இரண்டு பேரும் விடிவதற்குள் ஒரே பள்ளத்தில் உருண்டு கிடந்தார்கள். வித்யாலட்சுமி ஒருநாள் பாதித் தூக்கத்தில் எழுந்து, தலைமுடியைச் சுருட்டி உச்சியில் முடிந்துகொண்டு, தலையணையை இடுப்பில் இடுக்கியபடி ஹாலுக்குப் போனாள். மொசைக் தரையில், ஃபேனுக்கு நேர் கீழே படுத்தாள். மறுநாளிலிருந்து படுக்கும்போதே அங்கேதான்.

பட்டாபி நோயைக் கண்டுபிடித்துவிட்டார். "வித்யா ஒரு ஹாட் ஸ்லீப்பர்" என்று அறிவித்தார். தூங்கும்போது சில பேர் உடம்பு சூடாகிவிடுமாம், அதுவும் ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்குக் கேட்கவே வேண்டாமாம். மெட்ராஸில் இருக்கும் தங்கையிடம் ஃபோனில் சொன்னார். எதிர் ஃப்ளாட் டாக்டரிடம் சொன்னார். இஸ்திரிக்காரரிடம் சொல்லவில்லை; அவருக்கு இங்கிலீஷ் தெரியாது.

வித்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள், பதில் சொல்லவில்லை. பதில் தெரியாதவள் என்று நினைத்துவிட வேண்டாம். குடியிருப்பின் பூஜைக் கமிட்டியில் வருஷா வருஷம் பந்தலுக்குப் பூ வாங்குகிற பொறுப்பு அவளுடையது. ஹவுரா பாலத்தடியில் பூக்காரர்களோடு அவர்கள் பாஷையிலேயே மல்லுக்கு நின்று, அழுகல் மாலை ஒன்றுகூட உள்ளே வராமல் பார்த்துக்கொள்கிறவள். பேசவேண்டிய இடம் இது இல்லை என்று விட்டிருந்தாள், அவ்வளவுதான்.

பட்டாபியின் சங்கடம் வேறு. அதை அவர் தங்கையிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. விளக்கை அணைத்த பிறகு வித்யா கொஞ்ச நேரம் பேசுவாள். கீழ் ஃப்ளாட்டில் யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, குழாய் ரிப்பேருக்கு வந்தவன் என்ன புளுகினான், இந்த மாதிரி. பட்டாபி "ம்" என்பார். நாள் முழுக்க மற்றவர்களை "ம்" சொல்லவைத்த மனுஷன் தானே "ம்" சொல்லிக்கொண்டு படுத்திருக்கிற நேரம் அது ஒன்றுதான். மூன்றாவது நாலாவது "ம்"மில் தூங்கிப்போவார். இப்போது ஃபோம் மெத்தையின் நடுப்பள்ளத்தில் தனியாகக் கிடந்து, ஹால் ஃபேன் 'கிரீச் கிரீச்' என்று சுற்றுவதைக் கேட்டுக்கொண்டு விடியும்வரை விழித்திருந்தார். வா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம். அந்த வார்த்தைக்குப் பார்வை என்ன போடுவது, பொருள் என்ன போடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை ரசத்துக்குப் பெருங்காயம் போட்டுக்கொண்டே வித்யா சொன்னாள்: "நாளைக்கு மெத்தைக் கடைக்குப் போறோம். சரியா ஒண்ணு கிடைச்சா சரி. இல்லேன்னா எனக்கு ஒரு சிங்கிள் கட்டில் வாங்கிச் சின்ன ரூம்ல போட்டுக்கறேன். தரையில படுத்துப் படுத்து முட்டி போயிண்டிருக்கு."

"தற்காலிக ஏற்பாடாவா?"

"கட்டில் என்ன தற்காலிகம்? வாங்கினா வாங்கினதுதான்."

அந்தமானுக்கு மாற்றல் உத்தரவு வந்தால்கூட பட்டாபி அப்படிப் பயந்திருக்கமாட்டார்.

*

ஷோரூம் கருணாமயி பஸ் நிறுத்தத்தைத் தாண்டி இருந்தது. சனிக்கிழமை, சாப்பாட்டுக்கு அப்புறம். வெளியே வெயில் என்பதைவிட வேக்காடு என்பதே சரி. கல்கத்தாவில் மே மாதத்தில் காற்று வீசுவதில்லை, ஈரத்துணி மாதிரி மேலே விழுந்து ஒட்டிக்கொள்ளும். கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே காலை வைத்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. பட்டாபி உடனே கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

எதிரே வந்த இளைஞர் சட்டையில் 'சீனியர் ஸ்லீப் கன்சல்டன்ட்' என்று பட்டை குத்தியிருந்தது. ஜூனியர் என்று அங்கே யாரையும் காணோம். பெயர் கிரிதர். இவர்கள் தமிழில் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்து தானும் தமிழுக்கு மாறினார். அவருடைய தாத்தா லேக் மார்க்கெட்டில் அப்பளக் கடை வைத்திருந்தாராம். பிறந்து வளர்ந்தது எல்லாம் கல்கத்தா. தமிழ் வீட்டில் அம்மாவோடு மட்டும்.

"ஆன்ட்டி, நீங்க மெத்தை தேடி வந்திருக்கீங்க. ஆனா மெத்தை நாங்க விக்கறதே இல்ல. இது ஸ்லீப் சிஸ்டம்."

பட்டாபி கைக்குட்டையை இறக்கினார். ஊருக்கு வெளியே தன் சொந்த ஜாதிப் பறவையின் குரலைக் கேட்ட பறவைபோல அவர் கண் பளிச்சிட்டது. "தெர்மல் மேனேஜ்மென்ட்டைப் பொறுத்தவரை உங்க அணுகுமுறை என்ன?" என்றார்.

"ஜெல் இன்ஃப்யூஷன், அங்கிள். மேல கூலிங் ஃபாப்ரிக். விண்வெளிக்குப் போறவங்களுக்காகக் கண்டுபிடிச்ச டெக்னாலஜி. மெத்தையே மூச்சு விடும்."

"உட்சுவாசமா, வெளிச்சுவாசமா?"

"ரெண்டும், அங்கிள். ஏக்தம் ரெண்டும்."

இரண்டு பேரும் மெத்தை என்கிற சொல்லைத் தொடாமல் மெத்தையைப் பற்றி வெகு நேரம் பேசினார்கள். நடுநடுவே ஒவ்வொரு மெத்தையையும், பலாப்பழம் வாங்குகிறவர் தட்டிப் பார்ப்பதுபோல, உள்ளங்கையால் அழுத்திப் பார்த்துத் தலையாட்டினார் பட்டாபி. மெத்தை வாங்குகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள். கையால் அழுத்துவார்கள், மிஞ்சிப் போனால் ஓரத்தில் பாதி உட்காருவார்கள். கையாலேயே தூங்கப்போகிறவர்கள் மாதிரி.

வித்யா செருப்பைக் கழற்றினாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். கைப்பையைத் தலைமாட்டில் வைத்து, வரிசையில் முதலில் இருந்த ஜெல் மெத்தையின் மேல் நீட்டிப் படுத்துவிட்டாள்.

பட்டாபிக்கு மானம் போயிற்று. சட்டென்று போய் மறைப்பாக நின்றார். ஒல்லியான மனிதர், அதிகம் மறைக்க முடியவில்லை. "வித்யா, எழுந்திரு. எல்லாரும் பாக்கறா."

"எல்லாரும்னா யாரு? தலகாணி பாக்க வந்த அந்த மாஷிமா ஒருத்திதானே? பாத்துட்டுப் போறா."

மாஷிமா என்றால் பெரியம்மா மாதிரி, வயதான பெண்களை ஊர் முழுக்க அப்படித்தான் கூப்பிடும். வெள்ளைக் காட்டன் புடவையில் கனத்த அந்த மாஷிமா, கையில் ஒரு தலையணையைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு உண்மையாகவே பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். முகத்தில் பொறாமை. சாப்பிட்டதும் வருகிற தூக்கத்துக்கு 'பாத்-கூம்', சோற்றுத் தூக்கம் என்று தனிப் பெயரே வைத்திருக்கிற ஊர். அந்த வேளையில் கண்ணெதிரே ஒருத்தி கால் நீட்டிப் படுத்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

வித்யா அடுத்ததில் படுத்தாள். அதற்கடுத்ததில் படுத்தாள். கடையையே ஒரு சுற்றுப் படுத்து முடித்துவிட்டு எழுந்து உட்கார்ந்தாள். புருவம் சுருங்கியிருந்தது.

"எப்படி ஆன்ட்டி? எல்லாம் சில்லுனு இல்ல?"

"அதான் சந்தேகமா இருக்கு. ஒண்ணு உசத்தி ஒண்ணு மட்டம்னு சொன்னேள். எல்லாம் ஒரே மாதிரி சில்லுன்னு இருக்கே?"

"எங்க குவாலிட்டி அப்படி, ஆன்ட்டி."

வித்யா தலையை மெல்ல நிமிர்த்தினாள். கூரையில் வரிசையாகப் பதித்திருந்த ஏசிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஹவுராவில் தாமரை மொட்டை விரலால் பிரித்து உள்ளே பார்க்கும்போது வருகிற பார்வை அது. பட்டாபிக்குப் பழக்கமான பார்வை. ஏதோ நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"கிரிதர், உங்கம்மா பட்டுப்புடவை எடுக்கறப்போ கூடப் போயிருக்கேளா?"

"போயிருக்கேன் ஆன்ட்டி. நாலு மணி நேரம் ஆகும். ஏன்?"

"புடவை பிடிச்சிருந்தாலும் உடனே எடுப்பாளா? கடைக்குள்ள ஆயிரம் லைட் போட்டிருப்பான், எல்லாக் கலரும் ஜொலிக்கும். அம்மா என்ன பண்ணுவா?"

கிரிதர் யோசித்தார். "வாசலுக்கு எடுத்துட்டுப் போவாங்க. வெயில்ல பாப்பாங்க."

"அதேதான். இந்த மெத்தையை வாசலுக்குத் தூக்கிண்டு போக முடியாது. நீங்க ஏசியை அணைச்சுடுங்கோ."

கிரிதர் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

"ஆன்ட்டி… கம்பெனி ரூல். இது கடை மட்டும் இல்ல, எக்ஸ்பீரியன்ஸ் சென்டர்."

"எங்காத்துல இந்த எக்ஸ்பீரியன்ஸ் கிடையாதே அப்பா. படுக்கறச்சே ஏசியை அணைச்சுடுவார். நான் வாங்கிண்டு போறது மெத்தையை மட்டும்தானே? ஏசியையும் சேர்த்துத் தருவேளா?"

பட்டாபி வாயைத் திறந்தார். வாடிக்கையாளர் உரிமை என்றா, நிறுவன நடைமுறை என்றா, எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். மாதக் கணக்கில் படித்தாரே, விரிதாள் போட்டாரே, நாலு நாட்டு ஆராய்ச்சியைச் சாப்பாட்டு மேஜையில் பரப்பினாரே, கூரையை ஒரு தடவை அண்ணாந்து பார்க்கத் தோன்றியதா? அவருக்குக் கோபம் வரவேண்டிய நேரம். வரவில்லை. மெத்தையில் செருப்பில்லாத காலோடு உட்கார்ந்திருந்த தன் மனைவியை அவர் யாரோ பெரிய மனுஷியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மாஷிமா பக்கத்தில் வந்து, என்ன விவகாரம் என்று விசாரித்தாள். வித்யா பெங்காலியில் எடுத்துச் சொன்னாள். புடவை உதாரணம் வந்த இடத்தில் மாஷிமா தலையணையால் தன் தொடையில் அடித்துக்கொண்டு, "டிக் போலேச்சோ!" என்றாள். சரியாகச் சொன்னாய் என்று அர்த்தம். பிறகு கிரிதரைப் பார்த்து, என் மருமகள் போன வருஷம் இங்கேதான் மெத்தை வாங்கினாள், வீட்டுக்கு வந்ததும் அது தந்தூர் அடுப்பாகிவிட்டது, அணை தம்பி, நானும் பார்க்கிறேன் என்றாள்.

இரண்டு பாஷைகளில் இரண்டு பெண்கள் சேர்ந்து சொன்னால் எந்தக் கம்பெனி ரூலும் நிற்காது. கிரிதர் போய் அணைத்தார்.

*

முதலில் ஒன்றும் தெரியவில்லை. வித்யா கதவையும் திறந்துவைக்கச் சொன்னாள். அப்புறம் ஊர் உள்ளே வந்தது. கருணாமயி ஆட்டோக்களின் ஹாரனும், வறுத்த கடலையின் வாசனையும், அவற்றுக்குப் பின்னாலேயே அந்த ஈரத்துணிக் காற்றும். கிரிதர் கழுத்துப்பட்டையைத் தளர்த்தினார். ஒரு ஸ்டாண்டு ஃபேனை எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்தார். பட்டாபி ஒருவர்தான் சௌகரியமாக இருந்தார்; கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

வித்யா ஜெல் மெத்தையில் மறுபடி படுத்தாள். இந்தத் தடவை சீக்கிரம் எழுந்திருக்கவில்லை. ஒருக்களித்தாள், புரண்டாள், குப்புறப் படுத்தாள். கடைசியில் எழுந்து முதுகுப்பக்கம் ரவிக்கையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பொண்ணு பாக்க வந்த சம்பந்தி மாதிரி. முதல்ல ஜில்லுன்னு இருந்தது. போகப் போகக் குணம் காட்றது."

"அது விண்வெளி டெக்னாலஜி, ஆன்ட்டி…"

"விண்வெளியில புடவை கட்டிண்டு யார் படுக்கறா?"

ஒன்றன்பின் ஒன்றாக அரங்கத்து நாயகர்கள் விழுந்தார்கள். மூச்சு விடும் என்று சொன்ன மெத்தை, அனல் மூச்சாக விட்டது. 'ஆர்க்டிக்' என்று பெயர் போட்டிருந்ததில் மாஷிமா படுத்துவிட்டு, "வட துருவத்தில் தீப்பிடித்துவிட்டது" என்று அறிவித்தாள். பட்டாபி தன் வீட்டு மெமரி ஃபோமின் அண்ணனை ஒரு மூலையில் கண்டுபிடித்து, வித்யா அதில் படுத்த வேகத்தில் எழுந்ததையும் கண்டு, அதைப் பற்றி இனி பேசுவதில்லை என்று மனசுக்குள் தீர்மானம் நிறைவேற்றினார்.

மாடிப்படிக்குக் கீழே ஒரு கட்டிலின் மேல் பெயர்ப்பலகை இல்லாமல் ஒரு மெத்தை கிடந்தது. அடியில் அழுத்திய தேங்காய் நார், மேலே இடியாப்பத் தட்டு மாதிரி பொடிப்பொடியாகத் துளை போட்ட ரப்பர், எல்லாவற்றுக்கும் மேலே வெறும் காட்டன் உறை.

"அது வேண்டாம் ஆன்ட்டி. கெட்டியா இருக்கும். லாட்ஜ்காரங்கதான் வாங்குவாங்க. அதுல எந்த ஃபீச்சரும் இல்ல."

வித்யா ஃபேனை அந்தப் பக்கம் திருப்பிவிட்டுப் படுத்தாள். கண்ணை மூடினாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பரீட்சை முடிவு ஒட்டுகிற பலகை முன்னால் நிற்பதுபோல.

"சில்லுன்னு இல்லே," என்றாள் கண் திறக்காமல். "சில்லுன்னு இருக்கணும்னு அவசியமும் இல்லே. நான் கொண்டுவந்த சூட்டை வாங்கி வச்சுக்காம விட்டுடறது. அது போதும்."

பட்டாபிக்கு மார்பு நிமிர்ந்தது. பிரச்சினை தீர்ந்தது. சின்ன ரூம் காலியாகவே இருக்கும். "ஆக, இதனால் தெரியவருவது என்னவென்றால்…" என்று தொடங்கினார்.

"இருங்கோ. நான் மட்டுமா படுக்கப்போறேன்? நீங்களும் வந்து படுங்கோ."

"இங்கேயா?"

"பின்னே எங்க? ரெண்டு பேர் படுக்கற மெத்தைன்னா ரெண்டு பேரும் படுத்துப் பாக்கணும்."

பட்டாபி சுற்றும் முற்றும் பார்த்தார். மாஷிமா 'போ போ' என்று தலையணையால் சைகை காட்டினாள். ஷூவைக் கழற்றி, ஜோடியாக வைத்து, சட்டைப் பாக்கெட்டிலிருந்த பேனாவை எடுத்துக் கிரிதரிடம் ஒப்படைத்துவிட்டு, ஆப்பரேஷனுக்குப் போகிறவர்போல மல்லாந்து படுத்தார். இருபத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாகப் பட்டப்பகலில், திறந்த கதவுக்கு எதிரில், மூன்றாம் மனிதர் முன்னிலையில்.

கொஞ்ச நேரம் போயிற்று. வித்யா நெளிந்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளிப் படுத்தாள். பிறகு படக்கென்று எழுந்து உட்கார்ந்தாள்.

"எழுந்திருங்கோ."

"ஏன்? எனக்கு சௌகரியமாத்தானே இருக்கு?"

"எழுந்திருங்கோன்னா!"

அவர் எழுந்தார். வித்யா அவர் படுத்திருந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். தான் படுத்திருந்த இடத்தில் வைத்தாள். மறுபடி அவர் இடத்தில் வைத்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று கண்ணில் தொடங்கி, கன்னத்துக்கு வந்து, வாயை எட்டியதும் சிரிப்பாக வெடித்தது. பேச முடியாமல் மாஷிமாவைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். மாஷிமா குனிந்து தொட்டாள்.

"ஓ மா! ஏ தோ உனுன்!" என்று கையை உதறினாள்.

"என்ன சொல்றா?" என்றார் பட்டாபி.

கிரிதர் தானும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, பயந்த குரலில் மொழிபெயர்த்தார். "அடுப்புன்னு சொல்றாங்க, அங்கிள்."

"அர்த்தமில்லாத பேச்சு. என் உடம்புச் சூடு நார்மல். எனக்குக் குளிர்ற சுபாவம். ஊரறிஞ்ச விஷயம்."

"உங்களுக்குக் குளிர்றது, சரி. ஏன் குளிராது? இருக்கற சூட்டையெல்லாம் பக்கத்துல படுத்தவளுக்குத் தானம் பண்ணிடறேளே!" வித்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது போதாதுன்னு ரஜாய் வேற. அதுல பாதி என் மேல. பஞ்சு மெத்தையில நடுவுல மேடு இருந்தது, தப்பிச்சேன். நீங்க வாங்கின மெத்தையில ரெண்டு பேரும் ஒரே குழியில. நான்தான் சூடு, நான்தான் சூடுன்னு ஊர் பூரா சொல்லிண்டிருந்தேளே. அடுப்பு மேல வச்ச பாத்திரத்தைப் பாத்து, நீ ஏன் சுடறேன்னு கேக்கற மாதிரி."

மாஷிமாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. ஒரு மெத்தையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

பட்டாபி தன் பங்குக்குத் தான் படுத்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். தோசைக்கல்லில் தண்ணீர் தெளிக்கும் பதம். மறுக்க வழியில்லை. மெட்ராஸ் தங்கை, எதிர் ஃப்ளாட் டாக்டர், சாப்பாட்டு மேஜைச் சகாக்கள் எல்லாரும் வரிசையாக மனக்கண்ணில் வந்து அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டிருப்பார். வித்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்துச் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"அப்ப மெத்தை மாத்தி என்ன பிரயோஜனம்? கிரிதர், சிங்கிள் கட்டில் வச்சிருக்கேளா?"

"மாடியில இருக்கு ஆன்ட்டி. வாங்க காட்டறேன்."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். முதல் படியில் கால் வைத்தாள்.

பட்டாபி எதையோ சொல்ல வாயெடுத்தார். முதலில் "இது தொடர்பாக" என்று வந்தது. விழுங்கினார். "மேற்படி விஷயத்தில்" என்று வந்தது. அதையும் விழுங்கினார். வியர்த்தது. கல்கத்தாவில் பத்து வருஷத்தில் அவருக்கு வியர்த்து யாரும் பார்த்ததில்லை.

"வித்யா, கட்டில் வேண்டாம்."

அவள் திரும்பினாள்.

"நீ ஹால்ல படுத்துண்டா எனக்குத் தூக்கம் வரலே."

அவ்வளவுதான். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கிரிதர் கையிலிருந்த பேனாவை அவசரமாக ஆராயத் தொடங்கினார். மாஷிமாவுக்குத் தமிழ் ஒரு அட்சரம் தெரியாது. ஆனாலும் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

வித்யா படியிலேயே நின்று அவரை உற்றுப் பார்த்தாள். இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனிதரிடமிருந்து இவ்வளவு சின்ன வாக்கியம் வரும் என்று அவள் எதிர்பார்க்கவில்லைபோலும்.

"இதைச் சொல்ல ஒரு மாசமா?"

"சொல்லத் தெரியலே."

"எனக்கு மட்டும் ஹால்ல தூக்கம் வந்ததுன்னு நெனச்சேளா? கொசு." அவள் இறங்கி வந்தாள். "ரஜாய்?"

"வேண்டாம்."

"ஃபேன் காத்து முதல்ல என் மேல வரணும். அந்தப் பக்கம் எனக்கு."

"எடுத்துக்கோ."

"நடுவுக்கு உருண்டு வரப்படாது."

"இது கெட்டி மெத்தை. உருளாது," என்றார் பட்டாபி. அதற்கு ஆதாரமாக நாலு வரி சேர்க்க நாக்கு துடித்தது. சேர்க்கவில்லை.

"சொன்னாப் போறாது. படுங்கோ, பாக்கலாம்."

இந்தத் தடவை பட்டாபி கதவையும் பார்க்கவில்லை, மாஷிமாவையும் பார்க்கவில்லை. ஓரத்துக்கு எவ்வளவு ஓரமாகப் போக முடியுமோ அவ்வளவு ஓரமாகப் போய், ஒரு காலும் ஒரு கையும் வெளியே தொங்க, ஒருக்களித்துப் படுத்தார். வித்யா ஃபேன் பக்கம் படுத்தாள். பக்கத்து மெத்தையில் மாஷிமாவும் சாய்ந்தாள். எந்த மெத்தை என்றுகூட அவள் பார்க்கவில்லை.

ஃபேன் சுற்றியது. வெளியே ஒரு பஸ் கண்டக்டர், ஹவுரா, ஹவுரா என்று பக்கவாட்டுத் தகரத்தைத் தட்டிக் கத்திக்கொண்டு போனார். வித்யா கூரையைப் பார்த்தபடி பேச ஆரம்பித்தாள். கீழ் ஃப்ளாட்டில் மஹாதேவன் வீட்டுக்காரி புதுசாக ஒரு பூனை வளர்க்கிறாளாம். அது மீன் சாப்பிடமாட்டேன் என்கிறதாம். கல்கத்தாப் பூனை, தயிர் சாதம்தான் வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறதாம். பட்டாபி "ம்" என்றார். அந்தப் பூனை விஷயத்தில் அவர் சொல்லக்கூடியது எவ்வளவோ இருந்தது. "ம்" என்று மட்டும் சொன்னார்.

பேச்சு ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றது.

பட்டாபி காத்திருந்தார். மெல்லத் தலையை மட்டும் திருப்பிப் பார்த்தார். வித்யா தூங்கிவிட்டாள். கழுத்தில் வியர்வை இல்லை. நெற்றியில் சுருக்கம் இல்லை. கடைத்தெருச் சத்தத்தில், ஏசி இல்லாத மே மாதத்து மத்தியானத்தில், யாருக்கும் எதுவும் நிரூபிக்காத நிம்மதியோடு தூங்கினாள்.

தொங்கிய கை மரத்துப்போயிற்று. இடுப்பில் கட்டிலின் விளிம்பு குத்தியது. புறங்கழுத்தில் ஒரு ஈ உட்கார்ந்து நடைபயின்றது. பட்டாபி அசையவில்லை. தன்னிடமிருந்து ஒரு துளிச் சூடு அந்தப் பக்கம் போய்விடக்கூடாது என்பதுபோல மூச்சைக்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார்.

கிரிதர் பில் புத்தகத்தோடு பூனைநடையில் வந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. குனிந்து, "அங்கிள், இதையே ஃபைனல் பண்ணிடலாமா? டபுள் சைஸ்? அப்புறம் ஏசியை…" என்று கிசுகிசுத்தார்.

பட்டாபி மரத்துப்போகாத கையின் ஆள்காட்டி விரலைத் தூக்கி உதட்டின் மேல் வைத்தார்.